மாத்திரையும் மாமியாரின் சந்தேகமும்

என் கணவர் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசம் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆழ்துளைக் கிணறு போடும் வேலை. திருச்செங்கோட்டுப் பக்கம் பல வீடுகளில் ஆண்கள் இப்படித்தான். மழை பிடித்தால்தான் ஊர் திரும்புவார்கள். வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்.

அப்போது எனக்கு ஓயாத அசதி. பக்கத்து கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "தைராய்டு குறைவா இருக்குங்க. தினம் காலையில வெறும் வயித்துல இந்த மாத்திரையப் போடுங்க, தெம்பாயிருவீங்க" என்றார்.

தெம்பு வரவில்லை. இரண்டே வாரத்தில், படுத்து எழுந்தால் கண் இருட்டியது. காலையில் குமட்டல். வெயிலில் அலையாமலே முகம் கறுத்தது. போதாததற்கு உப்பின் மேல் ஒரு வெறி பிடித்துக்கொண்டது. ஊறுகாய் ஜாடியில் மாங்காயை விட்டுவிட்டு, அடியில் நின்ற உப்புத் தண்ணீரைக் கரண்டியால் மொண்டு குடித்தேன். ஒருநாள் குடித்துவிட்டுத் திரும்பினால் சமையலறை வாசலில் மாமியார் நின்றிருந்தார்.

"தூரமாகி எத்தன நாளாச்சு?"

"ரெண்டு மாசமா வரலீங்க அத்தை. தைராய்டு இருந்தா அப்பிடித்தான்னு சொல்றாங்க."

"ஆரு சொல்றாங்க?"

அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. வாந்தி, ஊறுகாய், தள்ளிப்போன நாள். கணவனோ ஐந்து மாதமாக ஊரில் இல்லை.

அன்றே மருந்துக்கடையில் சோதனை அட்டை வாங்கி வந்து பார்த்தேன். ஒரே கோடு. கர்ப்பம் இல்லை. மாமியாரிடம் நீட்டினேன். கையில் வாங்காமல் எட்ட நின்று பார்த்தார்.

"இதும் நீ வாங்கியாந்ததுதானே" என்றார்.

அதன்பின் ஒருவரை ஒருவர் வேவு பார்த்தோம். நான் போனை எடுத்தால் அவருக்கு அந்த அறையைப் பெருக்க வேண்டியிருக்கும். என் பங்குக்கு நான், மாத்திரையை அவர்தான் மாற்றி வைக்கிறாரோ என்று சந்தேகப்பட்டு, மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. போட்டதெல்லாம் சரியான மாத்திரைதான்.

மாத முடிவில் கிளினிக்கில் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். அந்த வாரம் கணவர் போனில் பேசினார்.

"அம்மா என்னென்னமோ சொல்லுது. எங்கிட்ட மறைக்காமச் சொல்லிரு."

"என்னங்க சொல்லோணும்?"

பின்னால் ரிக்கின் இரைச்சல் மட்டும் கேட்டது. நானே வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்தேன். மாமியார்தான் கார் பிடித்துச் சேலத்துக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், கர்ப்பமா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மாமியார் சொன்னார்: "அத மொதல்ல பாத்துருங்க."

டாக்டரம்மா வந்து என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ரேகைகள் மை தடவியதுபோல் கறுத்திருந்தன. உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார்.

"உப்பா சாப்பிடணும்னு தோணுதா?"

என்னிடம் இதைக் குற்றமாகக் கேட்காத முதல் ஆள். தலையாட்டினேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. உடனே ஊசி போட்டு, உப்புத் தண்ணீர் பாட்டில் ஏற்றினார்கள். மறுநாள் உட்கார முடிந்தது.

"கர்ப்பம் இல்ல" என்று டாக்டரம்மா எங்கள் இருவரிடமும் சொன்னார். "சிறுநீரகத்துக்கு மேல அட்ரீனல்னு ரெண்டு சின்னச் சுரப்பி இருக்கு. இவங்களுக்கு அது ஓய்ஞ்சுபோச்சு. உடம்புல உப்பு நிக்கல, அதான் உப்பா கேக்குது. முகம் கறுத்ததும் நாள் தள்ளிப்போனதும் இதனாலதான்."

"மாத்திரை போட்டும் ஏனுங்க மோசமாச்சு?" மாமியார் கேட்டார்.

"போட்டதாலதாம்மா. தைராய்டு மாத்திரை உடம்ப வேகமா ஓட விடும். அட்ரீனல் சுரக்கிற கொஞ்சநஞ்சமும் சீக்கிரம் கரைஞ்சு போயிரும். மொதல்ல அட்ரீனலுக்கு மருந்து குடுத்துட்டு, அப்புறந்தான் தைராய்டுக்குக் குடுக்கணும். அட்ரீனல் கொறைஞ்சாலே தைராய்டு ரிப்போர்ட்டும் கொஞ்சம் மாறிக் காட்டும். அதனால அதத் திரும்பப் பாக்கலாம்."

மாமியார் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. டாக்டரிடம், "ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு குடுக்கலாமுங்க?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

நான்காம் நாள் கணவர் வந்து சேர்ந்தார். நலம் விசாரித்த கையோடு ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துத் தாள்களை வேகமாகப் புரட்டினார். எந்தத் தாளைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. மாமியாருக்கும் தெரிந்தது.

"அத நான் பாத்தாச்சு சாமி. நோவு என்னன்னு எழுதியிருக்கற தாளைப் படி" என்றார் மகனிடம்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

சில மாதம் கழித்துப் பார்த்தபோது தைராய்டும் கொஞ்சம் குறைவுதான் என்று தெரிந்தது. அட்ரீனல் மருந்தோடு அதற்கும் சின்ன மாத்திரை சேர்த்தார்கள். இரண்டையும் விடாமல் போடுகிறேன். உடம்பு தேறிவிட்டது. கணவர் மறுபடி வடக்கே போய்விட்டார். தினமும் போன் செய்து மாத்திரை போட்டாயா என்று கேட்கிறார். நடுவில், "ஊட்ல ஆரு இருக்கா?" என்றும் கேட்பார். சும்மா கேட்கிறாரா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் இன்னும் பதில் சொல்கிறேன்.