மஸ்கெலியாவில் ஒரு சுவருக்கு விறகு தேடிய கதை

சிமெந்து இல்லாமல் வீடு கட்டுவது பற்றி இணையத்தில் நிறைய வாசித்திருக்கிறேன். வாசித்தவற்றை அடுக்கினால் ஒரு சிறிய அறையே கட்டியிருக்கலாம். கொழும்பில் என்னோடு அச்சகத்தில் வேலை செய்யும் சிவகுமார், மஸ்கெலியாவுக்கு அப்பால் தோட்டத்தில் கிடைத்த துண்டுக் காணியில் நிஜமாகவே அப்படி ஒரு வீடு கட்டப்போவதாகச் சொன்னார். பெப்ரவரியில், மழையற்ற ஒரு வாரம் பார்த்து அவரோடு கிளம்பினேன்.

கொழும்புக் கோட்டையிலிருந்து அதிகாலை ரயிலில் ஏறினால் முற்பகலில் ஹட்டன். அங்கிருந்து மஸ்கெலியாவுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். பிறகு நான்கு கிலோமீற்றருக்கு ஓட்டோ, அறுநூறு ரூபாய். எதற்கு வந்தேன் என்று ஓட்டோக்காரர் விசாரித்தார். வீடு கட்ட மண் பார்க்க என்றேன்.

"எங்க ஊருல மண்ணு தானா ரோட்டுக்கு வரும் சேர். நீங்க எதுக்கு கஷ்டப்பட்டு வந்தீங்க?"

சிவகுமாரும் அவர் மனைவி யோகேஸ்வரியும் இரண்டு பிள்ளைகளும் லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில், அவருடைய அண்ணன் குடும்பத்தோடு ஒரே அறையில், ஒரே காம்பராவில் இருக்கிறார்கள்; அவர் விடுமுறைக்கு மட்டும் வந்துபோகிறார். மே மாத மழைக்கு முன் சுவர் எழுந்து காய்ந்துவிட வேண்டும். தவறினால் இன்னொரு வருடம் அதே காம்பரா.

முறை இதுதான். களிமண், மணல், புல் மூன்றையும் காலால் மிதித்துக் குழைத்து எழுப்புவது கோப். ஒரு முழத் துண்டு மரங்களைச் சுவருக்குக் குறுக்காகப் படுக்கவைத்து, இடையில் அந்த மண்ணை அப்புவது கோர்ட்வுட். வெளியிலிருந்து பார்த்தால், யாரோ விறகை அடுக்கிவிட்டு எடுக்க மறந்தது போல இருக்கும்.

பொருள்களைத் தேர்ந்தவர் யோகேஸ்வரி. தேயிலைக்கு உகந்த கறுப்பு மேல்மண் சுவருக்கு ஆகாது. இலையும் வேரும் மக்கிய மண், காய்ந்தால் உதிரும். இரண்டடி கீழே செம்மஞ்சள் களி. போத்தலில் மண்ணும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைத்தால் மணல் அடியிலும் களி மேலுமாகத் தங்கும். அதைப் பார்த்து அளவு முடிவாகும். வைக்கோல் வலப்பனையிலிருந்து வரவேண்டும். மானாப்புல்லோ மலை முழுக்க இலவசம். மரத்தில்தான் தகராறு. டர்பன்டைன் என்று இங்கே சொல்லும் யூக்கலிப்டஸ் எங்கும் கிடைக்கும். ஆனால் ஈரம் குடித்து ஊதிச் சுவரைப் பிளக்கும். தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக், இங்கே அதற்குச் சவுக்கு என்று பெயர், சாதுவானது. தோட்டத்தில் அனுமதி கேட்டு, வெட்டிப்போட்ட சவுக்கை வாங்கிப் பட்டை உரித்திருந்தார்கள்.

காயவைப்பது அடுத்த சிக்கல். இணையம் "வெயிலில் அடுக்குங்கள்" என்கிறது. இங்கே வெளியில் அடுக்கிய மரம் பனியில் இன்னும் நனையும். ஆகவே யோகேஸ்வரி ஐப்பசியிலேயே லயத்தின் வீடுகளுக்கெல்லாம் துண்டுகளைப் பங்கிட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புக்கு மேலே விறகுப் பரண் உண்டு. அடியில் சமையல், மேலே சுவர்.

திரும்பச் சேகரிக்கும் நாளில் நானும் சாக்குப் பிடித்தேன். இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். கேட்டது. பக்கத்துக் காம்பரா பாக்கியம் அக்காவின் பரண் மட்டும் காலி.

"எங்கக்கா எங்க மரம்?"

"ஐயோ யோகேசு, கையி நீட்டுனா வர்ற எடத்துல இருந்துச்சு. பழக்கத்துல அடுப்புல வச்சிட்டேன்டி. நேத்துக்கூட இந்தக் கொழும்பு அண்ணனுக்குத் தேத்தண்ணி…"

அந்தத் தேநீர் நன்றாக இருந்தது என்று சொல்ல அது நேரமில்லை.

காற்று அடிக்கும் பக்கத்துச் சுவருக்கு மரம் போதவில்லை. சிவகுமாரின் விடுமுறையோ ஞாயிறோடு முடிகிறது.

"பச்சையா வெட்டி வச்சிருவோம். சுவருலயே காஞ்சிரும்."

"காஞ்சா சுருங்கும். சுத்தி ஓட்ட விழும், காத்து வரும். காத்து வாங்கத்தானா புது வீடு? லயத்துலயே வருதே!"

"அப்ப அடுத்த வருசமா?"

யோகேஸ்வரி அத்திவாரக் கற்களைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். பிறகு, இருக்கும் மரம் சன்னலுக்குக் கீழே மட்டும், மீதி முழுக்க மண் என்றார். மண் என்றால் இரட்டிப்பு மிதி. மறுநாள் காலை மண் குழைக்கும் குழிக்குள் முதலில் இறங்கியது பாக்கியம் அக்கா. சேலையை முழங்கால் வரை செருகியிருந்தார்.

"எரிச்சவளே மிதிக்கிறேன். யாரும் வாயத் தொறக்கப்படாது."

எல்லாரும் திறந்தார்கள். அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. மண்சரிவு அபாயம் இல்லை என்று உறுதியான காணியில் மட்டும் கட்டுங்கள். அருமையான களி சரிந்த சரிவிலேயே பளிச்சென்று தெரியும், அங்கே வீடு வேண்டாம். அத்திவாரக் கல் இரண்டடி உயரட்டும். ஈரச் சுவரை இரவில் தார்ப்பாய்ப் படங்கால் மூடுங்கள். மரத்துக்கு அவசரப்படாதீர்கள். அதைப் பரணில் வைப்பவர், சமைப்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

ஞாயிறு மாலை, கல்லுக்கு மேலே மண்ணும் மரமுமாக ஒரு சாண் ஏறியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பையைத் தூக்கிக்கொண்டு, அதைத் தாண்டக் காலைத் தூக்கினேன்.

"அண்ணே, சுவருல ஏறாதீங்க," என்றார் யோகேஸ்வரி. "அங்க வாசல் இருக்குல்ல."

கதவும் இல்லை, நிலையும் இல்லை. சுற்றிப் போய் வாசல் வழியாக வெளியே வந்தேன்.