நூர்ஜஹானின் நானூறு மீட்டர்

சேதி வந்தபோது நான் வெலிங்டன் தீவில், நான் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் இருந்தேன். நூர்ஜஹானின் கணவர் கபீர் போன் செய்தார். "கோமதி, அவ போயிட்டா" என்றார். ஆட்டோ பிடித்து மட்டாஞ்சேரிக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மழைக்காலம் முடிந்ததும் எங்கள் இருவருக்கும் ஒரு பந்தயம் இருந்தது. அதற்குள் அவளுக்கு அப்படி என்ன அவசரம்?

உங்களில் பலருக்கு அவளைக் கடைத்தெருவில் அரிசி மொத்தக் கடை நடத்தியவளாகத் தெரியும். காலையில் நம் ஓட்டக் குழுவோடு ஓட வருபவர்களுக்கு ஓட்டக்காரியாகத் தெரியும். எனக்கோ அவள் சுள்ளிக்கல் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சுக்காரி. இரண்டு வீட்டிலும் தமிழ் பேசுவார்கள் என்பதால் பாடம் மலையாளத்திலும் சண்டை தமிழிலும் நடக்கும். பள்ளிப் பந்தயங்களில் நான் முதலில் வருவேன், அவள் எனக்குப் பின்னால் வருவாள். பிறகு கல்யாணம், பிள்ளைகள், கடை, அலுவலகம் என்றாகி, பஸ் பிடிப்பதற்குத் தவிர இருவரும் ஓடவே இல்லை.

மூத்தோர் தடகளப் போட்டி பற்றிய அறிவிப்பை எங்கிருந்தோ கண்டுபிடித்துக்கொண்டு வந்தவள் அவள்தான். ஒரு முழுச் சுற்று, நானூறு மீட்டர் ஓடுவோம் என்றாள். பைத்தியமா என்று கேட்டேன். "எடீ, நூறு மீட்டருக்கு வேகம் வேணும். அஞ்சாயிரத்துக்குப் பொறுமை வேணும். நம்மகிட்ட ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் கெடக்குல்ல?" என்றாள். அரிசி விற்றவளிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. நானும் பெயர் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தீவின் கிடங்குச் சாலைகளில் ஓடிப் பழகினோம். லாரி வராத நீளமான சாலைகள், அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராகப் போகும். அதுதான் வினையாகிவிட்டது. போட்டியன்று அவளுக்கு உள்பக்க முதல் தடம் கிடைத்தது. வளைவில் வெளித்தடத்தின் தூரம் கூடும் என்பதால் மற்றவர்களைப் படிப்படியாக முன்னால் நிறுத்தியிருந்தார்கள். தடத்தையே அன்றுதான் பார்க்கிறாள். நேராக நடுவரிடம் போனாள். "சாரே, அவங்களையெல்லாம் முன்னாடி நிறுத்தி, என்னை மட்டும் பின்னாடி தள்ளியிருக்கீங்களே, நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று கேட்டாள். அவர் கையை வளைத்து வளைத்துக் காட்டி விளக்கினார். அவள் ஒரு வார்த்தையும் நம்பவில்லை. துப்பாக்கி வெடித்ததும், அந்த அநியாயத்தை முதல் வளைவிலேயே தீர்த்துக்கட்டுவதுபோல் பாய்ந்தாள். பாதிச் சுற்றுவரை அவளை யாராலும் நெருங்க முடியவில்லை. கடைசி நூறு மீட்டரில் கால் இரண்டும் மரத்துப்போய், எல்லோரும் முடித்த பிறகு நடந்து வந்து சேர்ந்தாள். ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, "வளைவைப் படிச்சிட்டு வரேன், அப்புறம் பாரு" என்றாள்.

வளைவுக்கு எங்கே போவது? அவளுக்குத் தெரிந்த ஒரு வியாபாரியின் பண்டகசாலையில் சுக்கு காயப்போடும் பெரிய முற்றம் இருந்தது. விடிந்து சரக்கைப் பரப்பும்வரை அது காலியாகக் கிடக்கும். கேட்டு வாங்கிவிட்டாள். சுண்ணாம்புப் பொடியால் அரைவட்டம் போட்டு, உள்பக்கமாகச் சாய்ந்து, உள்கையைச் சுருக்கி வெளிக்கையை வீசி ஓடப் பழகினோம். சுக்குத் தூள் மூக்கில் ஏறி, பாதி வளைவில் தும்மல் வரும். சுமை தூக்கும் தொழிலாளர்கள் சாயாவோடு நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவர், "இத்தா, பின்னாலே ஆரா?" என்று கத்தினார். அக்கா, பின்னால் துரத்துவது யார் என்று கேலி. ஓட்டத்தை நிறுத்தாமலே, "அம்பது வயசு வருது, பிடிச்சுக்கோ!" என்று பதில் கொடுத்தாள். மறுநாள் முதல் அவர்களே முற்றத்தைப் பெருக்கி வைத்தார்கள்.

பயிற்சியில் கொடுமையானது முந்நூறு மீட்டர்தான். தீவுச் சாலையில் முந்நூறு ஓடுவோம், மூச்சு அடங்கியதும் இன்னொன்று, பிறகும் ஒன்று. மூன்றாவதில் எனக்கு உலகமே வெறுத்துவிடும். "மதிடீ, போதும், போலாம்" என்பேன். அவள் வாயில் வரும் வசவுகளை இங்கே எழுத முடியாது. நோன்பு மாதத்தில் அவள் ஓடமாட்டாள். ஆனாலும் வந்து நிற்பாள். நோன்போடு யாரையும் திட்டக் கூடாதென்று கை மட்டும் தட்டுவாள். அந்தக் கைத்தட்டலுக்கு வசவே தேவலாம் என்று எனக்குத் தோன்றும்.

பயிற்சி நடந்த மாதங்களில் தன்னையேதான் அதிகம் அடக்கினாள். முன்கோபக்காரி. யாராவது முந்தினால் உடனே பாய்ந்துவிடும் சுபாவம். "முதல் வளைவுல ரோஷம் பார்த்தா கடைசி நேர்ப்பாதையில மானம் போயிரும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டே தொடக்கக் கோட்டில் நிற்பாள். கடையிலும் அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள் என்று கபீர் சிரித்தார்.

போன வருடப் போட்டி. எனக்கு வெளித்தடம், அவள் எனக்கு உள்ளே, பின்னால். நான் வேகமாகவே போனேன். கடைசி வளைவு தாண்டி நேர்ப்பாதைக்கு வந்தபோது என் கண்ணுக்கு முன்னால் யாருமில்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்போது இடது பக்கத்தில் அவள் மூச்சுச் சத்தம் கேட்டது. முகம் கோணவில்லை, தோள் ஏறவில்லை, முற்றத்தில் பழகியது போலவே ஓடி வந்தாள். நான் பல்லைக் கடித்தேன். கால் கேட்கவில்லை. ஒரு தோள் அகலத்தில் என்னை முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். பள்ளிக்கூட நாளிலிருந்து அதுவரை ஒருமுறைகூட அவள் என்னை ஜெயித்ததில்லை.

புல்லில் மல்லாந்து கிடந்தோம். "தள்ளிப் படு, எனக்கு நெழல் வேணும்" என்பதுதான் அவளுடைய வெற்றி உரை. மூச்சு வந்த பிறகு சொன்னாள்: "அடுத்த வருஷம் முடிஞ்சா திருப்பி எடுத்துக்கோ. நான் விட்டுத் தர மாட்டேன், கேட்டோ. விட்டுத் தந்தா அது சிநேகமில்லை." அன்று மாலையே திருப்பி எடுக்கும் வேலையை நான் தொடங்கிவிட்டேன். அவளும் அதைத் தடுக்கும் வேலையைத் தொடங்கினாள்.

இந்த மழையில் கடைக்குள் தண்ணீர் ஏறியது. வெறுங்காலோடு நின்று மூட்டைகளை மேலே ஏற்றியிருக்கிறாள். நான் ஒரு கல்யாணத்துக்காகப் பாலக்காட்டில் இருந்தேன். சில நாள் கழித்துப் போனில், "முந்நூறு கூடிப்போச்சு போல, கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது. லேசா பனியும் உண்டு" என்றாள். பனி என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் காய்ச்சல். எங்கள் இருவருக்கும் கெண்டைக்கால் வலி என்றால் பயிற்சி நன்றாக நடக்கிறது என்றுதான் அர்த்தம். வேறொருத்தியாக இருந்தால் அந்த வலிக்குப் பயந்து மறுநாளே டாக்டரிடம் போயிருப்பாள். இவள் அதைப் பெருமையாகச் சுமந்துகொண்டு படுத்திருந்தாள். எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது சிறுநீரகம் கைவிட்டிருந்தது.

மய்யித்து வீட்டில், உடலை எடுக்கும் முன்பே ஒரு பெண்மணி, "இந்த வயசுல ஓடினா இப்படித்தான்" என்றார். அங்கே வாயை மூடிக்கொண்டேன். இங்கே சொல்கிறேன். ஓட்டம் அவளைக் கொல்லவில்லை. கொன்றது எலி மூத்திரம் கலந்த அந்த அழுக்குத் தண்ணீர். நம்மோடு ஓடும் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன், மழைக்காலத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால் அதைப் பயிற்சி என்று நினைக்காதீர்கள், உடனே டாக்டரிடம் போங்கள். அவள் பெயரைச் சொல்லி யாரும் ஓட்டத்தை நிறுத்த வேண்டாம். அவளுக்கு அது பிடிக்காது.

மழை விட்டதும் போட்டி நடக்கும். நான் பெயர் கொடுத்திருக்கிறேன். முதல் வளைவில் அடங்கி ஓடுவேன், கடைசி நேர்ப்பாதையில் இருப்பதையெல்லாம் கொட்டுவேன். ஒருவேளை முதலில்கூட வரலாம். வந்தாலும் நூர்ஜஹானை ஜெயித்ததாக ஆகாது. அவளிடம் தோற்றதைத் திருப்பி எடுக்க இனி வழியே இல்லை. வாழ்நாள் முழுக்க எத்தனையோ தடவை அவளை ஜெயித்திருக்கிறேன், அதில் ஒன்றுகூட இப்போது முக்கியமாகத் தெரியவில்லை. அவளுடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு தோல்விதான். அது என்னிடமே இருக்கட்டும்.