முதுகுக்குத் தெரிந்த நகரம்

படகுத்துறையில் 'ரிவர்ஸ்' என்று கேட்டால்தான் அவரைக் காட்டுவார்கள். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டையில் இருக்கிறது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ராஜாக்கள் விட்டுப்போன பழைய தலைநகரத்தை இருபத்தெட்டு வருஷமாகச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி. ஆற்றில் ஒன்றரை மணி நேரம் படகு, இறங்கியபின் இரண்டு மணி நேரம் நடை. அந்த நடையில் முக்கால்வாசியை அவர் பின்பக்கமாகவே நடப்பார். வந்தவர்களைப் பார்த்தபடி, கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பேச்சை விடாமல் நடப்பார். படி வந்தால் குதிகால் தானாக உயரும். தாழ்ந்த வாசல் வந்தால் தலை தானாகக் குனியும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

வேடிக்கை காட்டவென்று தொடங்கிய பழக்கம் அல்ல அது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் எல்லா வழிகாட்டிகளையும் போல அவரும் முன்னால் பார்த்துத்தான் நடந்தார். ஒருநாள் அரண்மனை வாசலில் திரும்பி எண்ணிப் பார்த்தால் ஒரு வயதான தம்பதியைக் காணவில்லை. இரண்டு மணி நேரம் தேடி, பழைய சிறைச்சாலை முற்றத்தில் கண்டுபிடித்தார். அந்த அம்மாள் வெயிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்களேப்பா" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தை போதும், அடுத்த நாளிலிருந்து நம் ஆள் வந்தவர்களுக்கு முதுகைக் காட்டியதே இல்லை.

நாளாக ஆக அதில் ஒரு தலைக்கனமும் சேர்ந்துகொண்டது. அதையும் சொல்லிவிடவேண்டும். "இந்த ஊரைச் சுத்திக்காட்ட எனக்குக் கண்ணே வேணாம்பா" என்று டீக்கடையில் பீற்றிக்கொள்வார். என்ன வாய் முகூர்த்தமோ, அது அப்படியே பலித்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொடங்கியது. முழுக்க இருட்டாகவில்லை. எதை நேராகப் பார்க்கிறாரோ அந்த இடத்தில் மட்டும் ஒரு புகை. ஓரங்கள் தெரிந்தன, நடு போயிற்று. எதிரே நிற்பவருக்குக் காது இருக்கும், தோள் இருக்கும், முகம் இருக்காது. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: போனது திரும்பாது, இன்னும் போகும், எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதுதான் கேள்வி. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம், "கண்ணாடி பவரை மாத்தியிருக்காங்க, அவ்வளவுதான்" என்றார். அவளும் சரி என்று கேட்டுக்கொண்டாள்.

பிறகு ஒவ்வொரு தந்திரமாகக் கற்றுக்கொண்டார். ஆட்களைத் தலை எண்ண முடியாது. ஆகவே படகில் ஏறும்போதே ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கி எண்ணினார். என்ன அன்பான மனுஷன் என்று எல்லோருக்கும் மனசு உருகிப்போயிற்று. படகு எங்கே போகிறது என்பதை எஞ்சின் சத்தம் சொல்லியது. யாராவது எதையாவது காட்டி "பாத்தீங்களா?" என்று கேட்டால் "பாத்தேன், பாத்தேன்" என்று முந்திக்கொண்டு சொல்லப் பழகினார். வீட்டில் பிரச்சினையே இல்லை. அவர் மனைவிக்கு முன்பெல்லாம் மாதத்துக்கு ஒருமுறை கட்டிலை இழுத்து, பீரோவை நகர்த்தி, வீட்டையே புரட்டிப் போட்டால்தான் தூக்கம் வரும். இப்போது அந்தப் பித்தம் அடங்கியிருந்தது. வயசாகிவிட்டது பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

ஏன் ஒளித்தார்? சோற்றுக்குப் பயமில்லை. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, வீடு சொந்த வீடு. ஆனால் அந்த நகரத்தை எடுத்துவிட்டால் மனிதரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? கண் தெரியாதென்று ஒரு வார்த்தை வெளியே போனால் மறுநாளே அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். பிறகு காலையில் எழுந்து எங்கே போவது? அந்தப் பயம்தான் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

அன்று மேகமூட்டமாக இருந்தது. வெயில் அடித்திருந்தால் எந்தக் கன்னம் சுடுகிறது என்பதை வைத்தே திசையைப் பிடித்திருப்பார். படகோட்டி வேறு யாருமல்ல, அவருடைய மனைவியின் தம்பிதான். கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டான்:

"மாமா, போர்டுல ஒட்டியிருக்காங்களே, பாத்தீங்களா? இன்னைக்கு அப்படித்தான் போகணும்."

"பாத்தேன், பாத்தேன். நீ கிளப்பு மாப்ள."

என்ன ஒட்டியிருக்கிறது என்று கேட்டிருந்தால் ஒன்றும் குறைந்திருக்காது. கேட்க வாய் வரவில்லை.

பத்தொன்பது கைகளைக் குலுக்கியிருந்தார். அதில் ஒன்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியையின் கை. சாக்பீஸ் பிடித்துக் காய்த்த விரல்கள். இன்னொன்று தொப்பி போட்ட ஒருவருடையது, எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கருத்து வைத்திருப்பவர். ரிவர்ஸ் வழக்கம்போலப் படகின் முன்பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பேசத் தொடங்கினார். ராஜா ஏன் இந்த ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுத்தார், எதிரிப் படை எந்த வழியாக வந்தது, நகரம் எப்படி ஒரே கோடையில் காலியானது. நல்ல குரல் அவருக்கு. எஞ்சின் சத்தத்தை மீறிக் கத்தமாட்டார், அதற்கு அடியில் போய்ப் பேசுவார்.

வழியில் ஒரு தீவு ஆற்றை இரண்டாகப் பிரிக்கிறது. படகு எப்போதும் இடது கிளையில்தான் போகும். வளைவில் எஞ்சின் தணியும். அதிலிருந்து ஆறு வாக்கியம் பேசினால் காவல் கோபுரம் வரும். அன்றும் எஞ்சின் தணிந்தது. ஆறு வாக்கியம் பேசினார். கையை நீட்டினார்.

"இப்ப இடது பக்கம் பாருங்க. அஞ்சு மாடிக் காவல் கோபுரம். மூணாவது மாடி ஜன்னல் மட்டும் இடிஞ்சிருக்கு பாருங்க. எதிரி வர்றதை அங்கேருந்துதான் ஒரு காவல்காரன் முதல்ல பாத்தான். பாத்தவன் மணியை அடிக்காம கீழ இறங்கி வீட்டுக்கு ஓடினான், பொண்டாட்டி பிள்ளையைக் காப்பாத்த."

பத்தொன்பது தலைகளும் திரும்பின. அசைவது மட்டும் அவருக்கு ஓரத்தில் தெரிந்தது. இந்த இடத்தில் எப்போதும் ஒரு பெருமூச்சு கேட்கும். இன்று தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

"எங்கேங்க?" என்றார் தலைமையாசிரியை.

"அதோ, என் கை நேரா."

"எனக்குத் தெரியலையே. உங்களுக்குத் தெரியுதா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

"ஆங், தெரியுது தெரியுது," என்றார் தொப்பிக்காரர். "ஜன்னல்கூட இடிஞ்சுதான் இருக்கு."

யாரோ போட்டோகூட எடுத்தார்கள். க்ளிக் என்ற சத்தம் கேட்டது.

மைத்துனன் எஞ்சினை அடியோடு தணித்துவிட்டு அவர் காதோரம் வந்தான். "மாமா, நாம தீவுக்கு அந்தப் பக்கமால்ல வந்திருக்கோம். இடது கிளையில மணல் அள்ளுற மிஷின் நிக்குதுன்னுதானே போர்டுல..." பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். அடுத்த நொடி கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினான்: "சார் தமாஷ் பண்றார்ங்க! நீங்க தூங்கிட்டீங்களான்னு டெஸ்ட் பண்றார். அங்க வெறும் முள்ளுக்காடுதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். தொப்பிக்காரர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். ரிவர்ஸும் சிரித்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒரு கேவலமான சிரிப்பை அவர் சிரித்ததில்லை.

மீதி வழியெல்லாம் வாய் தானாகப் பேசியது, மனம் வேறெங்கோ கிடந்தது. அவமானம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அறுத்தது அது அல்ல. கையை நீட்டினேன், பத்தொன்பது பேரும் திரும்பினார்கள். இல்லாத கோபுரத்தை ஒருவர் பார்த்தும் விட்டார். நான் எங்கே காட்டினாலும் பார்ப்பார்கள், எங்கே நடந்தாலும் பின்னால் வருவார்கள். இன்னும் எந்தெந்த போர்டில் என்னென்ன ஒட்டியிருந்தது, நான் எதற்கெல்லாம் பாத்தேன் பாத்தேன் என்று தலையாட்டினேன்? போன வாரம் டீக்கடையில் மதில் மேலே ஏதோ ரிப்பேர் என்று பேச்சு அடிபட்டதே, அதற்கும் அப்படித்தானே சொன்னோம்?

கோட்டையின் நீர்வாசலில் இறங்கினார்கள். அங்கிருந்து மதில் மேலே போக எண்பத்து நான்கு படிகள். மேலே எழுபது காலடி தூரத்துக்கு உட்பக்கம் கைப்பிடிச் சுவர் கிடையாது. அங்கேதான் அவர் தன் வித்தையின் உச்சத்தைக் காட்டுவார்: பின்பக்கமாக நடந்துகொண்டே வலது கையால் அரண்மனையைக் காட்டுவார், எல்லோரும் அரண்மனையைப் பார்ப்பார்கள்.

முதல் படியில் குதிகாலை வைத்தார். இரண்டாவது படி. மூன்றாவதில் கால் எழவில்லை. அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உடம்பு சரியில்லையா சார்?" யாரோ கேட்டார்கள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. எனக்குக் கண் தெரியலை."

மைத்துனன் "மாமா!" என்று ஓடிவந்து தோளைத் தொட்டான். அவன் கையை விலக்கிவிட்டு, "ரெண்டு வருஷமாச்சு. படகுல நான் தமாஷ் பண்ணலை. உங்க மூஞ்சி ஒண்ணுகூட எனக்குத் தெரியாது. மேல ரிப்பேர்னு சொன்னாங்க. என்ன ரிப்பேர், எந்த இடத்துலன்னு தெரியாது. அதனால நான் வரலை" என்றார்.

"இதை முதல்லயே சொல்லியிருக்க வேண்டாமாய்யா?" என்றார் தொப்பிக்காரர். கோபமாகத்தான் கேட்டார்.

"சொல்லியிருக்கணும். நீங்க கேக்கறது நியாயம்தான்."

தலைமையாசிரியை பக்கத்தில் வந்து படியில் உட்கார்ந்தார். "மேல என்ன பாக்கணும்னு இங்கேருந்தே சொல்லுங்க. கோட்டைக் காவலாளியைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வர்றோம்," என்றார். ரிவர்ஸும் சொன்னார். அரண்மனையின் ஏழு கூரைகள், ஆறு பழைய தடத்தை விட்டு விலகிய இடம், கடைசி ராணி படகேறிய படித்துறை. சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று விட்டுவிட்டார்.

அரைமணி நேரத்தில் திரும்பினார்கள். கோட்டைக் காவலாளி அவர் எதிரில் வந்து நின்றான். இருபது வருஷப் பழக்கம்; குரலிலேயே முகம் தெரியும்.

"அண்ணே, நேத்து சாயங்காலம் நடுவுல ஆறடிக்குக் கல்லைப் பேத்து எடுத்துட்டாங்க. இன்னும் போடலை. முழங்கால் உயரத்துக்கு ஒரு கயிறுதான் கட்டியிருக்கு. போறவங்க கண்ணால பாத்தா நின்னுருவாங்க..."

பார்த்தால் நின்றுவிடுவார்கள், வாஸ்தவம்தான். ஆனால் அந்த இடத்தில் அவர் கை அரண்மனைப் பக்கம் நீண்டிருக்கும். பத்தொன்பது பேரும் அங்கேதான் பார்த்திருப்பார்கள்.

படகு திரும்பிப் படகுத்துறைக்கு வந்தது. இறங்கும்போது ஒவ்வொருவராக வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். பத்தொன்பதும் சரியாக இருந்தது.

"அக்காகிட்ட நான் சொல்லவா மாமா?"

"வேணாம். நானே சொல்றேன்."

அதற்கு முன் சுற்றுலா அலுவலகத்துக்குப் போய் அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். குமாஸ்தா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது முடிய இன்னும் அஞ்சு மாசம் இருக்கே சார்?" என்றான். அவன் கவலை அவனுக்கு.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

"எனக்குக் கண் தெரியலை."

துணி மடிக்கிற சத்தம் நின்றது. "தெரியும்."

"எப்பலேருந்து?"

"கண்ணாடி மாத்தியிருக்காங்கன்னு சொன்னீங்களே, அன்னைக்கே. பழைய கண்ணாடியையே போட்டுக்கிட்டு வந்து நின்னா எனக்குத் தெரியாதா?"

அவருக்குச் சுரீரென்றது. "தெரிஞ்சுமா தினமும் என்னை அனுப்பினே? இன்னைக்கு நான் பத்தொன்பது பேரைக் கொண்டுபோய்..." மதிலில் பெயர்த்த கல்லைப் பற்றிச் சொன்னார்.

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு, "தப்புதாங்க" என்றாள். "நீங்களா வாயைத் திறந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். நான் சொன்னா ஒடிஞ்சு போயிருவீங்களேன்னு பயம். நீங்க வாசல்ல செருப்பைக் கழட்டுற சத்தம் கேக்கற வரைக்கும் ஒரு வாய் தண்ணி இறங்காது எனக்கு. வேற என்ன பண்றதுன்னு தெரியலை. வீட்டுல ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தாம இருந்தேன், அவ்வளவுதான்."

அவர் செருப்பைக் கழற்றினார். இரண்டு வருஷமாக ஒருநாள்கூட முட்டிக்கொள்ளாமல் அந்த வீட்டுக்குள் நடந்ததைத் தன் சாமர்த்தியம் என்றல்லவா நினைத்திருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அழுதார். அவளும் அழுதாள்.

மறுநாள் காலையில் தரையில் இரும்பு இழுபடும் சத்தத்தில் கண்விழித்தார்.

"என்ன பண்றே?"

"பீரோவை ஜன்னல் பக்கம் தள்றேன். ரெண்டு வருஷமா கை அரிச்சுக்கிட்டு இருக்கு. எழுந்து வாங்க, காட்டறேன்."

அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவரைப் பார்த்தபடி, தான் பின்பக்கமாக நடந்துகொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னாள்: "இடது பக்கம் கட்டில். இங்கேருந்து மூணு எட்டு வெச்சா நாற்காலி. வலது கையை நீட்டுங்க, இதுதான் பீரோ." சொல்லிக்கொண்டே வந்தவள் நாற்காலிக் காலில் இடித்துக்கொண்டு 'ஸ்ஸ்' என்று நின்றாள்.

"அப்பாடி! இருபத்தெட்டு வருஷம் இதை எப்படித்தான் பண்ணீங்களோ!"

"திரும்பிப் பாக்காதே, என்னையே பாரு," என்றார் அவர். "இன்னும் ரெண்டு எட்டுல வாசப்படி. குதிகாலைக் கொஞ்சம் தூக்கி வை."