ஞாயிற்றுக்கிழமை ஏறாத ரேட்

சென்ற ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. லிட்டில் இந்தியாவில், ஊருக்குப் பணம் அனுப்பும் கடை ஒன்றின் வரிசையில் நானும் கணவரும் நின்றிருந்தோம். திருச்சியில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை கண்புரை ஆபரேஷன். திங்கள் காலைக்குள் முன்பணம் கட்டியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் பணம் அனுப்புவது அவர் பொறுப்பு. சம்பளம் வந்த நாளிலிருந்து நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். "ரேட் ஏறும், இரு லா" என்பார். ஜூரோங்கில் இன்ஜினீயர்தான். ஆனால் காலையில் பல் விளக்கும் முன்பே, ஒரு வெள்ளிக்கு, அதாவது இந்த ஊர் டாலருக்கு, எத்தனை ரூபாய் என்று போனில் பார்த்தாக வேண்டும். கச்சா எண்ணெய் விலை ஏறினால் அதை வாங்க இந்தியாவுக்கு நிறைய டாலர் வேண்டும், ரூபாய் விழும், நம் வெள்ளிக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்று இட்லி தின்றபடியே பாடம் நடத்துவார். சொந்த ஊர் ரூபாய் எப்போது விழும் என்று காத்திருக்கும் மனிதரோடு குடித்தனம் நடத்திப் பாருங்கள், என் எரிச்சல் புரியும்!

எங்கள் முறை வந்தது. பலகையில் இருந்த ரேட், போனில் இருந்ததைவிடக் குறைவு. உடனே வரிசையை விட்டு விலகிவிட்டார். அடுத்த கடை, அதற்கடுத்த கடை என்று இழுத்தடித்தார். கூட்டத்தில் மிதிபட்டு என் செருப்பு வார் அறுந்ததுதான் மிச்சம். கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வந்து, போனை உற்றுப் பார்த்தபடி வாசலில் நின்றுகொண்டார். அந்த எண் அசையவே இல்லை.

கவுன்டரில் இருந்த பெண்ணுக்கே பொறுக்கவில்லை. "அண்ணே, சனி, ஞாயிறு கரன்சி மார்க்கெட்டே மூடியிருக்கும். அப்புறம் எப்படிண்ணே ஏறும்? நாளைக்கு என்ன ரேட்ல திறக்கும்னு எங்களுக்கே தெரியாது. அதான் இன்னைக்குக் கொஞ்சம் கம்மியா வச்சிருக்கோம்" என்றார்.

வாராவாரம் லீவு நாள் பார்த்து அங்கே போய் நிற்கும் எங்களுக்கு இது இத்தனை வருஷமாகத் தெரியாது!

"அப்ப நாளைக்கு வரலாம்" என்றார் இவர், கொஞ்சமும் அசராமல். எனக்கு வந்ததே கோபம்! வரிசையே வேடிக்கை பார்க்க, அவர் கையிலிருந்த பணத்தைப் பிடுங்கிக் கவுன்டரில் வைத்தேன். அவர் கணக்குப்படி நஷ்டம், இரண்டு பிரியாணி விலை.

ரயிலுக்குக் காத்திருந்தபோது அம்மா அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"பணம் வந்துடுச்சும்மா. ரேட் ஏறிடுச்சா? போன வாரமே ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தாங்க. மாப்பிள்ளைகிட்ட கேட்டேன், ரேட் ஏறட்டும் அத்தைன்னார். அதான் காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில பொய் சொல்லித் தள்ளிப்போட்டேன்."

கணவர் தன் போனைப் பைக்குள் வைத்தார். எங்கள் வீடு இருக்கும் புக்கிட் பாத்தோக் வரும்வரை அதை வெளியே எடுக்கவே இல்லை.

ரேட் இன்றைக்கும் ஏறுகிறது, இறங்குகிறது; ஆனால் அது ஏறட்டும் என்று இங்கே யாராவது சொன்னாலே, மங்கிய கண்ணோடு மகளிடம் வாய் திறக்காமல் காத்திருந்த அம்மாதான் என் நினைவுக்கு வருகிறார்.