ஸ்வெட்டர் போட்ட கேக் மாஸ்டர்

பேக்கரியில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கேக்கின் மேல் கிரீம் பூசி, பூ வைத்து, பெயர் எழுதுவது அவர் வேலை. நாற்பத்தாறு வயதில் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றோடு, கிரீமை ருசி பார்ப்பதைக் கைகழுவிவிட்டார். இனிப்பு சரியாக இருக்கிறதா என்று கவுண்டரில் நிற்கும் அக்கா ருசித்துச் சொல்வாள். பதம் பார்ப்பதற்கு அவருக்கு நாக்கே தேவையில்லை. கரண்டியிலிருந்து கிரீம் விழுகிற விதமே போதும்.

மூன்று வருடம் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. மாத்திரை, நடை, அளவான சாப்பாடு. ஏழு சதவீதத்தைத் தொடாமல் இருந்த மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரி, திடீரென்று ஒருமுறை எட்டைத் தாண்டியது. அடுத்த முறை ஒன்பதை எட்டிப் பார்த்தது. போதாக்குறைக்கு எடையும் நாலு கிலோ ஏறியிருந்தது.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "சாப்பாட்டுல கட்டுப்பாடு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு டாக்டர்."

"எங்க வேலை பாக்கறீங்கன்னு சொன்னீங்க?"

அந்தக் கேள்விக்குப் பிறகு மாஸ்டர் என்ன சொன்னாலும் எடுபடாது என்று அவருக்கே தெரிந்தது.

மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். சத்தம் போடுகிற ஆள் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையை வாங்கிக் கொடியில் போடுகிற சாக்கில் காலரை முகர்ந்து பார்த்தாள்.

"வெனிலா வாசனை வருதுங்க."

"நான் வேலை பாக்கறது பேக்கரி. வேற என்ன, டிஞ்சர் வாசனையா வரும்?"

அவள் சிரிக்கவில்லை. அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அந்த மௌனம்தான் அவரை அரித்தது. திருடாமலே திருட்டுப்பட்டம் கட்டிக்கொண்டதுபோல வீட்டில் தலையைக் குனிந்தபடியே நடமாடினார்.

உடம்பும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் தூங்கிவிட்டு, இறங்கவேண்டிய இடம் தாண்டித்தான் கண் விழித்தார். தொண்டை கட்டினாற்போல் குரல் கரகரத்தது. ஒருநாள் 'வாழ்த்துகள்' என்று எழுதும்போது 'த்'தை விட்டுவிட்டார். முப்பது வருட வேலையில் அது முதல் தடவை. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி எழுத அரைமணி நேரம் ஆனது.

போகப் போக அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கவுண்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "வேலை மும்முரத்துல நான் அறியாம விரலை நக்கறேனா? ஒருநாள் பூரா கவனிச்சுச் சொல்லு" என்றார்.

அவளும் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். அன்றைக்கென்று பார்த்து மத்தியானம் மனைவி வந்தாள். பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தாள். உள்ளே வராமல் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். ஓவன் திறந்திருந்தது. மாவு பிசைகிறவர்கள் பனியனோடு வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள். தன் புருஷன் மட்டும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, கைகளை அக்குளில் வைத்து ஓவனை ஒட்டி நின்றிருந்தார்.

கவுண்டர் அக்கா அவளிடம் வந்து மெதுவாகச் சொன்னாள். "காலைலேருந்து பாக்கறேங்க. ஒரு துளி வாயில வைக்கல. ஆனா ரெண்டு மாசமா இப்படித்தான், குளுருதுங்கறாரு."

மறுநாளே மனைவி அவரை டாக்டரிடம் இழுத்துப்போனாள். இந்தத் தடவை பேசியது அவள்தான். "இவர் எதையும் திங்கல டாக்டர், எனக்கு நிச்சயமாத் தெரியும். ஆனா அடுப்புப் பக்கத்துல நின்னாலும் குளுருதுங்கறார். எப்பவும் தூக்கம். குரல் மாறிடுச்சு. தோல் வெடிக்குது. வயிறும் சரியாப் போறதில்ல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து வந்து அவர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். இரண்டு நாளில் முடிவு வந்தது.

"தைராய்டு குறைவாச் சுரக்குது" என்றார். "அது குறைஞ்சா உடம்புல எல்லாமே மந்தமாயிடும். இன்சுலினும் சரியா வேலை செய்யாது, அதனால சர்க்கரை ரத்தத்துலயே தங்கிடும். சர்க்கரை இருக்கறவங்களுக்கு இதுவும் சேர்ந்து வர்றது சகஜம்தான். நான்தான் முன்னாலயே பாத்திருக்கணும்." சீட்டில் தைராய்டு மாத்திரையை எழுதினார். "இந்த மாத்திரை சர்க்கரை நோயைப் போக்கிடாது. பழைய சர்க்கரை மாத்திரையும் கட்டுப்பாடும் தொடரணும். அதோட அளவு மாத்த வேண்டி வரலாம், அதனால சர்க்கரையை அடிக்கடி பாத்துக்குங்க."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார் மாஸ்டர். இன்னொரு நோய் இருப்பது உறுதியானதற்கு மனம் லேசான மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க பாக்கெட், டிபன் பை எல்லாத்தையும் துழாவினேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவே. எனக்கே என்மேல நம்பிக்கை போயிடுச்சு. நீயாவது தேடிப் பாத்து ஒண்ணும் இல்லன்னு சொல்லமாட்டியான்னு இருந்துது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள். ஜில்லென்றிருந்தது. பஸ் வரும்வரை விடவில்லை.

புது மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில் போடவேண்டும். அதன் பிறகு அரைமணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. டீ இல்லாமல் அவரால் அந்த அரைமணியைத் தள்ள முடியவில்லை. தனியாகக் குடிக்க மனம் வராமல் அவளும் டீயைத் தள்ளிப்போட்டாள். சமையலறை மேஜையில் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். அவரவர் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த இத்தனை வருடத்தில் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

முன்னேற்றம் நத்தை வேகத்தில்தான் வந்தது. நடுவில் ஒருமுறை மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். முதலில் குளிர் விட்டது, பிறகு பஸ் தூக்கம். ஆறு மாதம் கழித்துச் சராசரி ஏழரைக்கு இறங்கியது. "இன்னும் இறங்கணும்" என்றார் டாக்டரம்மா. "இறக்கிடுவோம்" என்றாள் மனைவி, தானே மாத்திரை சாப்பிடுகிறவள்போல.

ஒருநாள் காலை, டீக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் சொன்னாள். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? வருஷா வருஷம் கல்யாண நாளுக்கு நீங்க பண்ணிக்கிட்டு வர்ற கேக் இருக்கே. எனக்குக் கேக்கே பிடிக்காது."

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாதிக்கு மேல நீதானே தின்னுட்டிருந்தே?"

"நீங்க பண்ணினதாச்சே."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, நேரமாவதற்கு முன்னாலேயே டீத்தண்ணீரை அடுப்பில் வைக்க எழுந்தாள்.