கடைசி வரியிலிருந்து

அச்சகத்தில் அவருக்குத் 'தலைகீழ்' என்று பெயர். இருபத்தாறு வருடமாக ஆங்கிலத்தில் பிழை திருத்துகிறார். கடைசி வரியின் கடைசிச் சொல்லில் தொடங்கி மேலே ஏறுவார். அர்த்தம் உள்ளே வந்துவிட்டால் கண் வழுக்கிவிடும் என்பது அவர் கட்சி.

"வீட்டுக்கும் பின்னாடியே நடந்துதான் போவீங்களா சார்?" என்பார் மெஷின்காரர்.

"வண்டி இடிக்கிற வரைக்கும்" என்பார் இவர்.

சத்தம் ஒன்றாக இருக்கும் இரட்டைப் பிறவிச் சொற்கள்தான் அவருக்குச் சோறு போட்டன. நகராமல் நிற்பது ஒரு ஸ்டேஷனரி, காகிதமும் பேனாவும் இன்னொரு ஸ்டேஷனரி. ஓரெழுத்து மட்டும் மாறி, ஒன்றும் தெரியாதது போல் உட்கார்ந்திருக்கும். எவ்வளவு படித்தவர் எழுதினாலும் இவருடைய சிவப்புப் பேனாவுக்குத் தப்பாது.

போன வருடம் மனைவிக்கு மார்பில் கட்டி எடுத்தார்கள். மறுபடி வந்திருக்கிறதா என்று பார்க்க எடுத்த ஸ்கேனின் அறிக்கையை அன்று சாயங்காலம் வாங்கி வந்தார். டாக்டரைப் பார்ப்பது மறுநாள்தான். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

அவர் பேனா மூடியைக் கழற்றினார். கீழிருந்து ஏறினார். ஓரிடத்தில் நின்று வட்டம் போட்டு, ஓரத்தில் சரியான சொல்லை எழுதினார்.

"என்னங்க போட்டிருக்கு?"

"ஒரு தப்பு இருந்துச்சு. திருத்திட்டேன்."

"என்ன தப்பு?"

"டிஸ்க்ரீட்னு ரெண்டு வார்த்தை இருக்கு. சத்தம் ஒண்ணுதான். ஒண்ணு, தனித்தனியா இருக்கிறது. இன்னொண்ணு, எதையும் வெளிய காட்டாம கமுக்கமா இருக்கிறது. ரிப்போர்ட்ல எப்பவும் முதல் வார்த்தைதான் வரும், டைப் பண்ணவங்க மாத்திப் போட்டுட்டாங்க."

"கமுக்கம்னா உங்கள மாதிரி." சிரித்தாள். பிறகு கேட்டாள்: "சரி, எது தனித்தனியா இருக்காம்?"

அவருக்குத் தெரியவில்லை. தாள் முழுவதையும் பார்த்தாகிவிட்டது. ஒரு சொல்கூட உள்ளே போயிருக்கவில்லை. முதல் வரிக்குப் போனார். எல்லோரும் படிப்பது போல மேலிருந்து படித்தார். அர்த்தம் மெதுவாகத்தான் வந்தது.

"கட்டி" என்றார். "கல்லீரல்ல. நாலு."

"மறுபடியுமா?"

"ம்."

அவள் சிவப்பு வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இதை அழிச்சிடுங்க. டாக்டர் கோவிச்சுக்கப் போறார்."

ரப்பரை எடுத்துத் தேய்த்தார். மை போகவில்லை. தாள்தான் தேய்ந்தது.

"போதும், கிழிஞ்சிடும்" என்றாள்.

அவர் தேய்த்துக்கொண்டிருந்தார்.