மாதச் சம்பளம் கேட்டவர்

பாகூர் ஏரிக்கரைமேல் ஏறியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அப்பா தகரப்பெட்டியைத் தோளில் வைத்திருந்தார். நான் பாயையும் செம்பையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்தபிறகுதான் எங்கே போகிறோம் என்று கேட்டேன். கடற்கரைக்கு என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே, சந்தோஷப்படுகிற நேரம் இதுவா என்று சந்தேகமாகவும் இருந்தது.

அப்பா எங்கள் ஊரில் வாத்தியார். சர்க்கார் வாத்தியார் அல்ல, ஊர் வைத்த வாத்தியார். பாகூரில் இருந்த சர்க்கார் வாத்தியார் பிரெஞ்சுக்காரன் கொடி பறந்தபோதும் மாதாமாதம் சம்பளம் வாங்கினார், கொடி இறங்கிய பிறகும் வாங்கினார். சைக்கிள்கூட வைத்திருந்தார். அப்பாவுக்கு அறுவடைக்கு அறுவடை களத்தில் நெல் அளப்பார்கள். நெல்லைத் தூற்றி முடித்ததும் முடிவெட்டுகிறவர், துணி வெளுக்கிறவர், காவல்காரர் எல்லாரும் சாக்கோடு வந்து நிற்பார்கள். அவர்களுக்கு அடுத்து அப்பா. படித்ததற்கு அவருக்கு இருந்த ஒரே சலுகை, சாக்கின் வாயைப் பிடிக்க என்னை அனுப்பலாம் என்பதுதான்.

அம்மா இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அறுவடைக்கு அறுவடை மட்டும் பசிக்கிற பிள்ளை எந்த ஊரிலும் பிறப்பதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினாள். அதற்குப் பிறகு அப்பா ஊரில் பேச்சை எடுத்தார். நெல் வேண்டாம், மாதாமாதம் பணமாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைக்காரன் இங்கே காலம் தள்ள முடியாது என்றார்.

திரௌபதியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. அறுப்புக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. நான் அப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், ஆனாலும் யார் எந்தப் பக்கம் என்று எனக்குப் பிடிபடவில்லை. பிள்ளையே இல்லாத ஒருவர், வாத்தியாருக்குக் கொடுத்தால்தான் ஊர் உருப்படும் என்றார். மூன்று பிள்ளைகளை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய மளிகைக்கடைக்காரர், நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு நெல்லே அதிகம் என்றார். ஒருவர் மேரிடம் போய்க் கேட்கலாம் என்றார். மேர் என்றால் கொம்யூனுக்கு, அதாவது பல ஊர்கள் சேர்ந்த வட்டாரத்துக்கு, தலைவர். கேட்டாகிவிட்டது, புதுச் சர்க்காரைக் கேட்கச் சொல்கிறார் என்றார் இன்னொருவர். புதுச் சர்க்காரோ, எங்கள் ஊர்களை ஒப்படைத்ததற்குப் பிரான்சிலிருந்து கையெழுத்து வந்தபிறகு பார்க்கலாம் என்றதாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எழுத்துக் கற்பதற்கு வெள்ளைக்காரன் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் முடிவெட்டுகிறவர் மெதுவாகச் சொன்னார்:

“வாத்தியாருக்கு மாசம் குடுக்கறதுன்னா எனுக்கும் மாசமே குடுத்துருங்க. ஒங்க முடி இன்னா, அறுப்புக்கு அறுப்பா வளருது?”

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் நிலம் வைத்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துணி வெளுக்கிறவரும் காவல்காரரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு நகைச்சுவைக்கு இவ்வளவு பேர் ஏன் பயப்படுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அறுப்பு ஆட்களுக்குத் தலைவியாக ஓர் அம்மாள் இருந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் அக்கா. அவர் எழுந்து அப்பாவைக் கேட்டார்:

“வாத்தியாரே, ராத்திரி படுத்தா ஒனக்கு இடுப்பு நோவுதா?”

“இல்லக்கா. தொண்டதான் நோவும்.”

“அது எங்குளுக்குந்தான் நோவுது, கூலி கேட்டுக் கேட்டு.”

மறுபடியும் சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஒரு மரக்கால் நெல்லாவது கூட்டிக் கொடுத்திருப்பார்கள். அவர் உட்காரவில்லை.

“நெசந்தாங்கா. ஒங்க கூலியும் பத்தாது. என்னுத மட்டும் பேசறது ஞாயமில்ல. ரெண்டையும் சேத்தே பேசிடலாம்.”

ஊரில் பாதி நிலம் வைத்திருந்த பெரிய வீட்டுக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, பேச்சு எங்கெங்கோ போகிறது, அறுப்பு முடியட்டும் என்று எழுந்தார். கூட்டம் கலைந்தது.

அறுப்பு தொடங்கிய அன்று பெரிய வீட்டுக்காரர் வயலில் கடலூர்ப் பக்கத்து ஆட்கள் இறங்கியிருந்தார்கள். எங்கள் ஊர் ஆட்கள் அரிவாளும் கையுமாக வரப்பில் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். அக்கா நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தோம்.

“எங்குளுக்காவ ஒன்ன யாருய்யா பேசச் சொன்னது? ஒன் பாட்ட மட்டும் நீ பேசிட்டுப் போவ வேண்டிதான?”

அப்பா செம்பில் தண்ணீர் கொடுத்தார். அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்து குடித்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்லாத்தான் பேசின. அதான் வயித்தெரிச்சலா கீது” என்றார். திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

அன்று சாயங்காலம் அப்பா பெரிய வீட்டுக்குப் போனார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. திரும்பி வந்து பள்ளிக்கூடத்தைக் கூட்டினார், கரும்பலகையைத் துடைத்தார். மறுநாள் விடிந்தபோது எங்கள் ஊர் ஆட்களே வயலில் இறங்கியிருந்தார்கள். அப்பா தகரப்பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே காலையில் நடந்தன. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. சம்பளம் கிடைக்காத கோபத்தில் கிளம்புகிறார் என்றே நினைத்தேன். வயலைக் கடந்தபோது, குனிந்து அறுத்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் தலை தூக்கவில்லை. அவர்கள்மேலும் எனக்குக் கோபம் வந்தது.

என் படிப்பு அத்தோடு நின்றது. பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வேலைகளில் சேர்ந்தேன், விட்டேன். கூலியைப் பற்றி எங்காவது வாக்குவாதம் வந்தால் இன்றும் எந்தப் பக்கம் நிற்பது என்று சட்டெனத் தோன்றுவதில்லை.

அன்று கன்னியக்கோயிலில் கடலூர் ரோட்டைத் தாண்டி, பொழுது சாய்கிற நேரத்துக்குக் கடலோரத்து மணப்பட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். கடலை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். யாரோ ஒரு வீட்டில் கஞ்சி ஊற்றினார்கள். படகு மறைவில் பாயை விரித்தோம்.

விடிந்ததும் கரையில் வலை இழுக்க ஆள் தேவைப்பட்டது. கரைவலை என்றால் கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று இரண்டு பக்கமும் கயிறு பிடித்து இழுப்பது. மீன் விழுந்தால் இழுத்தவர்களுக்கெல்லாம் பங்கு. விழாவிட்டால் யாருக்கும் இல்லை, வலைக்குச் சொந்தக்காரருக்கும் இல்லை. அந்தச் சொந்தக்காரர் அப்பாவின் வெள்ளைச் சட்டையையும் கைகளையும் பார்த்தார்.

“இன்னா வேல செஞ்சிகினு இருந்தப்பா?”

வாத்தியார் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

“சும்மாதான் இருந்தேன்.”

பொய் சொன்னால் முட்டி போட வைக்கிறவர் அவர். அந்த வேலைக்கு என்ன கொடுக்கலாம் என்று ஓர் ஊரே கூடி வாதாடியது. இவர் அதை வேலையே இல்லை என்கிறார். வாத்தியார் என்று சொன்னால் மரியாதைக்காகவே அவர்கள் கயிற்றைக் கையில் தரமாட்டார்கள் என்பதை யோசிக்கிற வயது எனக்கு வரவில்லை. வெட்கப்படுகிறார் என்று நினைத்து, அவருக்காக நானும் வெட்கப்பட்டேன்.

அப்பா சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். வரிசையின் கடைசிக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தார்.